பதினொரு மணிக்குப் போனை எடுக்காதவர்கள்

மார்ச் 4, செவ்வாய்

தொண்ணூற்றிரண்டு. காலையிலிருந்து இந்த எண்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

துறை வாசலில் புதுச் சுவரொட்டி. "உள் தணிக்கைப் பட்டயப் படிப்பு. முடித்தவர்களில் நூற்றுக்கு 92 பேர் ஆறே மாதத்தில் வேலையில்!" போன வருடம் கையேட்டில் இதே வரியைப் படித்துவிட்டுத்தான் பம்ப் தொழிற்சாலை வேலையை விட்டேன். மூன்று வருடம் அங்கே அழுத்தம் காட்டும் பிரஷர் கேஜ், வால்வு, சென்சார் என்று சரிபார்த்துக்கொண்டிருந்தவன். கையெல்லாம் எண்ணெய், ஆனால் மண்டையில் குழப்பம் கிடையாது. அந்த வரியின் கடைசியில் இருந்த ஆச்சரியக்குறி அப்போது கண்ணில் படவில்லை. ஒரு எண்ணுக்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறி எதற்கு? நான் பார்த்த எந்த கேஜும் கத்தியதில்லை.

இதுவரை பதினான்கு இடத்துக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. ஒன்றிலிருந்தும் பதில் இல்லை.

அக்காவுக்கு ஏழாம் மாதம். அவள் வீட்டில் நான் படுக்கிற அறைதான் குழந்தைக்கு. அவள் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இன்று சாயங்காலம் மாமா அளவுநாடாவை எடுத்து வந்து என் கட்டிலை நீளம், அகலம் அளந்தார்.

"என்ன மாமா?"

"சும்மாதான் ஆடிட்டர் சார்."

சும்மா யாராவது கட்டிலை அளப்பார்களா?

மார்ச் 5, புதன்

பழைய ஃபோர்மேன் கூப்பிட்டார். காலை பதினொரு மணி, வகுப்பு இல்லை, நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டேன்.

"என்னடா, போன் மேலயே உக்காந்திருந்தியா?"

ஷிஃப்ட் பொறுப்பாளர் இடம் காலியாகிறதாம். என்னை நினைத்தாராம். "உன் வாய் எனக்குப் பிடிக்காது. உன் கை பிடிக்கும். முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள சொல்லு. ஏப்ரல்ல வந்து சேரணும். அதுக்கு மேல என்னால பிடிச்சு வெக்க முடியாது."

படிப்பு ஜூனில்தான் முடிகிறது. போனால் பாதியில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மூன்று மாதத்துக்காக ஒரு நல்ல இடத்தை விடுவதா? இல்லை, ஒரு இடத்துக்காக ஒன்பது மாதத்தைக் குப்பையில் போடுவதா?

மார்ச் 6, வியாழன்

தணிக்கை நடைமுறைப் பாடம் எடுக்கிறவருக்கு வகுப்பில் 'ஆதாரம்' என்று பெயர். யார் என்ன சொன்னாலும் "ஆதாரம்?" என்று மட்டும் கேட்பார். மழை பெய்கிறது என்று சொன்னால்கூட ஜன்னல் பக்கம் கையை நீட்டுவார்.

இன்று ஒரு வேலை கொடுத்தார். எங்கேயாவது யாராவது அடித்துச் சொல்லியிருக்கிற ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு அது உண்மையா என்று சோதித்து, பதினான்காம் தேதி வகுப்பில் வாசிக்க வேண்டும். ஒருத்தன் லிஃப்டில் தொங்குகிற பரிசோதனை அட்டையை எடுத்துக்கொண்டான், உடனே அவனுக்கு 'லிஃப்ட்காரன்' என்று பெயர் விழுந்தது. சிஸ்டர் கழிவறைக் கதவில் இருக்கிற "மணிக்கொரு முறை சுத்தம் செய்யப்படுகிறது" என்ற தாளை எடுத்துக்கொண்டார். அவர் பன்னிரண்டு வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்துவிட்டு இந்தப் படிப்புக்கு வந்தவர், எங்கள் எல்லோரையும்விட மூத்தவர். வகுப்பு மொத்தமும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும்.

நான் எழுந்து, "வாசல்ல ஒட்டியிருக்கிற தொண்ணூத்திரண்டு சார்" என்றேன்.

வகுப்பு 'ஊ' என்றது. ஆதாரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "எனக்கு ஆட்சேபணை இல்ல. பட்டியலை நீயே போய் வாங்கிக்க."

இப்போதுதான் மூச்சு சரியாக வருகிறது. இருபத்தைந்து நாளில் முடிவெடுக்க எனக்கு ஒரு எண் வேண்டும். மெய்யான எண்.

மார்ச் 7, வெள்ளி

படிப்பின் ஒருங்கிணைப்பாளர் அம்மா சந்தோஷமாகவே பட்டியலைக் கொடுத்தார். கடந்த இரண்டு வருடத்தில் முடித்தவர்கள், ஐம்பது பேர், போன் எண்ணோடு. "நல்லா விசாரிங்க தம்பி. நம்ம பிள்ளைங்க எல்லாரும் நல்லா இருக்காங்க" என்று ஒரு பிஸ்கட்டும் கொடுத்தார். அந்த பிஸ்கட்டைத் தின்றிருக்கக் கூடாது. தணிக்கை செய்யப் போகிற இடத்தில் கை நனைக்கக் கூடாது என்று முதல் வாரமே சொல்லிக் கொடுத்தார்கள்.

இன்றே ஆரம்பித்துவிட்டேன். காலை இரண்டு மணி நேரம். பதினாறு பேருக்கு அடித்ததில் ஆறு பேர் எடுத்தார்கள். ஆறில் இருவர்தான் தணிக்கை வேலையில்.

அப்பவே நினைத்தேன்.

மார்ச் 10, திங்கள்

பத்து மணிக்கு உட்கார்ந்தால் மூன்று மணி வரை. காது சுட்டுவிட்டது.

எடுத்தவர்களில் ஒருவர் நாற்பது நிமிடம் விடவில்லை. வேலை இல்லை. ஒன்றரை வருடமாக. நான் கேட்டது ஒரே கேள்வி. அவர் என்னை விண்ணப்பம் போட்ட இடங்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போனார். "சான்றிதழைக் காட்டினேங்க. 'நல்லது, எங்கயாவது ரெண்டு வருஷம் வேலை பாத்துட்டு வாங்க'ன்னாங்க. அந்த ரெண்டு வருஷத்தை எங்க விக்கிறாங்க, சொல்லுங்க?" அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். வைக்கும்போது, "மறுபடி எப்ப வேணாலும் கூப்பிடுங்க, நான் ஃப்ரீதான்" என்றார்.

அதற்குப் பிறகு அரை மணி நேரம் யாரையும் கூப்பிடவில்லை. எனக்கு ஒன்றரை வருடம் கழித்து இப்படித்தான் பேச வருமா?

மார்ச் 12, புதன்

முடிந்தது. ஐம்பது பேரையும் கூப்பிட்டாயிற்று. எடுத்தவர்கள் 21. அதில் தணிக்கை வேலையில் இருப்பவர்கள் 8. நூற்றுக்கு முப்பத்தெட்டு.

முப்பத்தெட்டு! (இப்போது நானும் ஆச்சரியக்குறி போடுகிறேன்.)

எரிச்சலா இருக்கு, ஆனா உள்ளுக்குள்ள ஒரு குஷியும் இருக்கு. ஏமாத்திட்டாங்கன்னு தெரிஞ்சா குஷியா? ஆமா. ஒன்பது மாசமா எனக்குள்ள இருந்த சந்தேகத்துக்கு ஒரு எண் கிடைச்சிருக்கே.

நேராக ஃபோர்மேனைக் கூப்பிட்டேன். "வர்றேன் சார்."

"யோசிச்சுதான் சொல்றியா?"

"கணக்குப் போட்டுச் சொல்றேன்."

முப்பத்தொன்றாம் தேதி வந்து கையெழுத்துப் போடச் சொன்னார். அக்காவிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், கையை நிறுத்தாமல் "உனக்கு எது சரின்னு படுதோ" என்றாள். ஆனால் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மாமா அறைச் சுவருக்கு மஞ்சளா நீலமா என்று ஆரம்பித்துவிட்டார்.

மார்ச் 13, வியாழன்

நாளை வாசிக்க வேண்டும். சட்டை தேய்த்தாயிற்று.

மார்ச் 14, வெள்ளி

எழுதவே பிடிக்கவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

ஒருங்கிணைப்பாளர் அம்மாவும் வந்து கடைசி வரிசையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். நான் பலகையில் 92 என்று எழுதி, அதன் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 38 என்று எழுதினேன். அந்த அம்மா பேனாவை மூடிவிட்டார். அதைப் பார்க்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சிஸ்டர் கையைத் தூக்கினார். "தம்பி, ஒரு சந்தேகம். ஐம்பதுல இருபத்தொண்ணு சரி. மீதி இருபத்தொம்பது பேரு?"

"எடுக்கல சிஸ்டர்."

"எத்தனை மணிக்குப் பண்ணே?"

"வகுப்பு இல்லாதப்போ. பத்துலேருந்து மூணு வரைக்கும்."

"பத்துலேருந்து மூணு..." என்று இழுத்தார். "நான் வார்டுல இருந்த பன்னெண்டு வருஷத்துல அந்த நேரத்துக்கு என் வீட்டுக்காரர் கூப்பிட்டாலே எடுத்ததில்ல. உன் போனையா எடுத்திருப்பேன்?"

இரண்டு நொடி எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. அதற்குள் வகுப்புக்கும் புரிந்துவிட்டது. முதல் வரிசையிலிருந்து லிஃப்ட்காரன் மேசையைத் தட்டினான். "வேலையில இருக்கிறவன் கணக்குல இல்ல, வீட்டுல இருக்கிறவன் மட்டும் கணக்குல உண்டு. நல்ல ஆடிட்டுடா!"

ஆதாரம் சிரிக்கவில்லை. "எடுக்காதவங்களைப் பத்தி உன் வேலைத்தாள்ல ஒரு வரியாவது இருக்கா?"

"இல்ல சார்."

சிவப்புப் பேனாவால் எதையோ குறித்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே வந்ததும் ஒருங்கிணைப்பாளர் அம்மா பின்னாலேயே வந்தார். "அந்த முப்பத்தெட்டை வெளிய யாருக்காவது சொன்னீங்களா?"

"எங்க ஃபோர்மேனுக்கு மட்டும்" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மார்ச் 15, சனி

ஒரு கேஜை மாட்டுவதற்கு முன்னால் என்ன செய்வேன்? அழுத்தமே இல்லாதபோது முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்ப்பேன். மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட அதைப் பார்க்காமல் மாட்டியதில்லை. இங்கே கேஜ் நான்தான். முள் முதல் நாளிலிருந்தே ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றிருக்கிறது. பார்க்கவில்லை.

இந்த ஓட்டைக் கணக்கை நம்பித்தான் "வர்றேன்"னு சொல்லியிருக்கேன். கணக்குப் போட்டுச் சொல்றேன்னு வேற.

மார்ச் 17, திங்கள்

ஆதாரம் அறைக்குப் போய், மறுபடி செய்கிறேன், அவகாசம் வேண்டும் என்றேன். மதிப்பெண் மாறாது என்றார். மதிப்பெண்ணுக்காக இல்லை என்றேன். "அப்ப என்கிட்ட எதுக்குக் கேக்கிறே?" என்றார்.

நியாயம்தான்.

மார்ச் 18, செவ்வாய்

சிஸ்டர் மேல் எனக்கு இன்னும் கோபம் இருந்தது. கேன்டீனில் அவரே என் எதிரில் வந்து டீயை வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"மூஞ்சியை ஏன் தூக்கி வெச்சிருக்கே? நான் கேக்கலேன்னா வேற யாராவது கேட்டிருப்பாங்க."

"தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்."

"நீ அந்த அம்மாவைத் தனியா கூப்பிட்டா சொன்னே?"

அப்புறம் என் தாளை இழுத்துப் பார்த்தார். கூப்பிட்ட நேரத்துக்கும் ஒரு கட்டம் போடச் சொன்னார். யார் என்று தெரியாத எண்ணை யாரும் எடுக்க மாட்டார்கள், முதலில் இரண்டு வரி செய்தி அனுப்பு என்றார். "மேல வணக்கம் போடு. உனக்கு அந்தப் பழக்கமே இல்ல."

வணக்கம் போட்டு இருபத்தொன்பது செய்தி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் ஏழு பேர் தாங்களாகவே நேரம் கொடுத்தார்கள்.

மார்ச் 20, வியாழன்

மதிய இடைவேளையில் மூன்று பேர். சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டுக்குள் ஒன்பது பேர்.

ஒரு ஆள் பிஸ்கட் கம்பெனியில் உள் தணிக்கை. "ஆதாரம் சார் இன்னும் அந்தச் சிவப்புப் பேனாவைத்தான் வெச்சிருக்காரா?" என்று ஆரம்பித்தவர், அரை மணி நேரம் மாவு மூட்டையைப் பற்றியே பேசினார். கிடங்கில் மூட்டைகளை எண்ணுவதில்லையாம், முதலில் தரையைப் பார்ப்பாராம். எலி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் பழைய சரக்கு. வேலையைப் பற்றி இவ்வளவு ஆசையாக ஒருவர் பேசி நான் கேட்டதே இல்லை. பம்ப் தொழிற்சாலையில் நாங்கள் ஷிஃப்ட் எப்போது முடியும் என்பதைப் பற்றித்தான் பேசுவோம்.

இன்னொருத்தர்: "என் கம்பெனிதான் என்னைப் படிக்க அனுப்பிச்சுது. முடிச்சிட்டு அதே நாற்காலிக்குத் திரும்பி வந்தேன். மேசைல பேர்ப்பலகை மட்டும் புதுசு." அவரையும் கையேடு "வேலையில்" என்று எண்ணியிருக்கிறது.

அக்கா வைத்துவிட்டுப் போன ரொட்டி ஆறிக் கிடந்தது. மாமா கதவருகே நின்று பார்த்துவிட்டு, "என்ன சார், கால் சென்டர் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றார்.

மார்ச் 22, சனி

கேள்வியை மாற்றிவிட்டேன், முன்பு பேசியவர்களையும் மறுபடி கூப்பிட்டுக் கேட்கிறேன். வேலையில் இருக்கிறீர்களா என்பதோடு இன்னொன்று: "இந்தப் படிப்பு இல்லாமலேயே இந்த வேலை கிடைச்சிருக்குமா?"

இதைக் கேட்டதும் எல்லோரும் கொஞ்சம் நிற்கிறார்கள்.

நகர நீர் வழங்கல் துறையில் உள் தணிக்கை பார்க்கிற ஒரு அக்கா. "தெரியலப்பா. நேர்காணல்ல சான்றிதழைத் தொட்டுக்கூடப் பாக்கல. ஒரு தாளைக் கொடுத்து, இதுல என்ன இல்லேன்னு கேட்டாங்க. என்ன தப்புன்னு கேட்டிருந்தா சுலபம். என்ன இல்லேன்னு கேட்டாங்க. ஆதாரம் சார் ஒரு வருஷமா கேட்டதும் அதுதானே." நான் முன்பு என்ன செய்தேன் என்று அவர் கேட்டார். கேஜ் என்றேன். "அப்படியா? எங்க ஆளுங்க எல்லாரும் தாள்தான் பாப்பாங்க. பம்ப் அறைக்குள்ள கால் வெச்சதும் காதைப் பொத்திக்கிட்டு வெளிய வந்துடுவாங்க. மே மாசம் ஆள் எடுக்கிறாங்க. பாத்துக்க."

என்ன இல்லை. இருபத்தொன்பது பேர் இல்லை. என் தாளில் அதுதான் இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

முடிந்தது. இந்தத் தடவை நிஜமாகவே.

ஐம்பதில் நாற்பத்தெட்டுப் பேரிடம் பேசியாயிற்று. தணிக்கை வேலையில் 29. முன்பு பார்த்த அதே வேலைக்குத் திரும்பியவர்கள் 12. வேறு ஏதோ வேலையில் 3. வேலை இல்லாதவர்கள் 4. எத்தனை தடவை கூப்பிட்டும் கிடைக்காதவர்கள் 2. அந்த இரண்டு பேரையும் கையேடு கூசாமல் "வேலையில்" சேர்த்திருக்கிறது. அப்போதுதான் நாற்பத்தாறு வருகிறது, தொண்ணூற்றிரண்டு வருகிறது.

ஆக அவர்களுடைய 92-உம் பொய். என்னுடைய 38-உம் பொய். ஐம்பத்தெட்டு.

தணிக்கை வேலையில் இருக்கிற இருபத்தொன்பது பேரில் இந்தப் படிப்பு இல்லாமல் வேலை கிடைத்திருக்காது என்றவர்கள் பதினேழு. கிடைத்திருக்கும் என்றவர்கள் ஐந்து. தெரியவில்லை என்றவர்கள் ஏழு. அந்த ஏழு பேரைத்தான் எனக்கு அதிகமாக நம்பத் தோன்றுகிறது.

வேலை இல்லாத நான்கு பேரும் முதல் சுற்றிலேயே எடுத்தவர்கள். நான்கு பேரும் இரண்டாவது ரிங்குக்குள்.

மார்ச் 24, திங்கள்

ஐம்பத்தெட்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய? காசைச் சுண்டிவிட்டாலே ஐம்பது வருமே.

மார்ச் 25, செவ்வாய்

ஒருங்கிணைப்பாளர் அம்மாவிடம் தாளைக் கொண்டுபோனேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். நான்கு வார்த்தைதான். அவர் மேசையில் அடுத்த வருடக் கையேட்டின் அச்சுப் படி இருந்தது. அதிலும் தொண்ணூற்றிரண்டு, அதே ஆச்சரியக்குறி.

ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். பன்னிரண்டு பேர் பழைய வேலைக்கே திரும்பியது அவருக்குத் தெரியும். "அவங்களும் வேலையிலதானே தம்பி இருக்காங்க?"

"இருக்காங்க. ஆனா நான் அதுக்கா என் வேலையை விட்டுட்டு வந்தேன்?"

அச்சுப் படியைத் திருப்பி வைத்துவிட்டு, "ஐம்பத்தெட்டுன்னு போட்டா யாரு வந்து சேருவாங்க, சொல்லுங்க" என்றார். குரலில் சண்டை இல்லை. மெய்யாகவே கேட்டார். சேர்க்கை குறைந்தால் இந்தப் படிப்பையே மூடிவிடுவார்களாம்.

"நான் சேர்ந்திருப்பேன்" என்றேன்.

சொல்லிவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அதை ஏன் சொன்னேன்? வாதத்துக்காகச் சொன்னேனா? இல்லை என்று நினைக்கிறேன். இல்லை.

மார்ச் 28, வெள்ளி

முப்பத்தொன்றுக்கு மூன்று நாள். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் நடக்கத் தோன்றுகிறது. அக்கா, "அந்தத் தரையில பள்ளம் விழப்போகுது, உக்காருடா" என்றாள்.

ஷிஃப்ட் பொறுப்பாளர். நல்ல இடம். நாளைக்கே வீட்டை விட்டுப் போய்விடலாம், அறை காலியாகிவிடும். இந்தப் பக்கம் என்ன இருக்கிறது? பதினான்கு விண்ணப்பம், ஒரு அக்கா சொன்ன "பாத்துக்க".

ஒன்று மட்டும் கவனித்தேன். முதலில் எடுக்காத அந்த இருபத்தொன்பது பேரைக் கூப்பிட்ட ஐந்து நாளும் எனக்கு ஃபோர்மேன் ஞாபகமே வரவில்லை. இது ஆதாரமா? ஆதாரம் சார் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

மார்ச் 31, திங்கள்

போனில் சொல்லாமல் நேரில் போனேன். ஷிஃப்ட் மாறுகிற நேரம். ஃபோர்மேன் படிவத்தை எடுத்து மேசையில் தயாராக வைத்திருந்தார். பேனாவைக்கூடத் திறந்து வைத்திருந்தார்.

"வரல சார்."

"கணக்குப் போட்டுச் சொன்னியே?"

"தப்பாப் போட்டுட்டேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இப்ப சரியாப் போட்டியா?"

"போட்டேன். ஐம்பத்தெட்டு."

"நூத்துக்கா? அதுக்கா இதை விடறே? உனக்கு மறை கழண்டுடுச்சாடா?" பேனாவை மூடினார். படிவத்தை மடித்து இழுப்பறையில் போட்டார். நான் வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து, "மூணாம் நம்பர் கம்ப்ரஸர் உன்னை விசாரிச்சதாச் சொல்லச் சொல்லுச்சு" என்றார். அவர் முகத்தைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

வீட்டில் அக்கா அழவில்லை, திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "அப்ப தொட்டிலை உன் கட்டில் மேலதான் தொங்கவிடணும்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். மாமா மட்டும், "மஞ்சள் பெயிண்ட் வாங்கிட்டேன். பரவாயில்ல, நீயே வந்து அடிச்சுக் கொடு" என்றார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

சுவர் முழுக்க மஞ்சள் அடித்தாயிற்று. மூக்கிலும் மஞ்சள். அறையைக் காலி செய்துவிட்டேன். லிஃப்ட்காரனோடு சேர்ந்து சலவைக்கடை மாடியில் ஒரு அறை, பாதி வாடகை பழைய சேமிப்பிலிருந்து. தரை எப்போதும் சூடு. அவன் குறட்டையை ஒரு சென்சார் வைத்து அளக்கலாம்.

மே 9, வெள்ளி

மாமா ஆகிவிட்டேன். பெண். என் விரலைப் பிடித்த பிடி, நல்ல டைட். அக்கா சிரித்தாள். மார்ச்சுக்குப் பிறகு என்னைப் பார்த்து இப்போதுதான் சிரிக்கிறாள்.

மே 22, வியாழன்

நீர் வழங்கல் துறை நேர்காணல். மூன்று பேர். அந்த அக்கா சொன்னபடியே சான்றிதழை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒரு தாளை நீட்டினார்கள். ஒரு பம்ப் நிலையத்தின் ஒரு மாத அழுத்தப் பதிவேடு. "இதுல என்ன இல்ல?"

எண்களை எல்லாம் பார்த்தேன். ஒழுங்காக இருந்தன. பழைய நானாக இருந்தால் எண்ணோடு சண்டை போட்டிருப்பேன். "இந்த கேஜை யாரு எப்ப சரிபார்த்தாங்கன்னு இல்ல. அது இல்லேன்னா முப்பது நாள் எண்ணும் வெறும் கையெழுத்துதான்" என்றேன்.

நடுவில் இருந்தவர், படிக்கும்போது செய்த தவறு ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்றார். பதினொரு மணி போன் கதையைச் சொன்னேன். இரண்டு பேர் வாய்விட்டுச் சிரித்தார்கள். மூன்றாவது ஆள் சிரிக்கவில்லை. அவர்தான் முடிவெடுக்கிறவர் போலிருக்கிறது. போச்சு.

ஜூன் 12, வியாழன்

கடைசித் தேர்வு முடிந்தது. சிஸ்டருக்குப் பழைய ஆஸ்பத்திரியிலேயே தணிக்கைப் பிரிவில் வேலை. "அதே வார்டு, ஆனா இனிமே நான் வந்தா எல்லாரும் எழுந்து நிப்பாங்க" என்று குறும்பாகச் சொன்னார். லிஃப்ட்காரனுக்கு இன்னும் இல்லை. எனக்கும் இல்லை.

துறை வாசலில் புதுக் கையேடு அடுக்கி வைத்திருந்தார்கள். எடுத்துப் பார்த்தேன். தொண்ணூற்றிரண்டு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் ஆச்சரியக்குறியைக் காணோம். பக்கத்தில் ஒரு நட்சத்திரம். பக்கத்தின் அடியில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிக்கிற எழுத்தில்: "முன்பு பார்த்த வேலைக்கே திரும்பியோரும் இதில் அடங்குவர். உள் தணிக்கை வேலையில் சேர்ந்தோர்: 58."

அந்த அம்மா ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். ஒரு பிஸ்கட்டை எடுத்துக் காட்டினார். போய் வாங்கித் தின்றேன்.

ஜூலை 3, வியாழன்

நீர் வழங்கல் துறையிலிருந்து கடிதம் வந்தது. ஆறு மாதம் பயிற்சி, பிறகு பார்ப்பார்களாம். லிஃப்ட்காரன் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்து, "ஆதாரம் இருக்கு" என்றான். அப்புறம் நெடுநேரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். என் விண்ணப்பப் பட்டியலை அவனுக்குக் கொடுத்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

எட்டு மாதமாக இந்த நோட்டு பெட்டிக்குள் கிடந்தது. இன்று எழுதத் தோன்றுகிறது.

நாலாம் பம்ப் நிலையம். உள்ளே போனதும், "வாங்க சார், குறை கண்டுபிடிக்க வந்துட்டீங்களா?" என்று ஆபரேட்டர் வரவேற்றார். எல்லா இடத்திலும் இதேதான். அரை மணி நேரம் அவரோடு பம்ப் பக்கத்திலேயே நின்றேன். காதைப் பொத்திக்கொள்ளவில்லை. அதில் கொஞ்சம் இறங்கி வந்தார். பம்ப்பை நிறுத்தச் சொன்னேன். சத்தம் அடங்கியது. கேஜ் முள் மட்டும் இறங்கவே இல்லை. அழுத்தமே இல்லாமல் அழுத்தம் காட்டிக்கொண்டு நின்றது. ஒரு கையில் டார்ச், ஒரு கையில் பதிவேடு, அப்போது பார்த்து சட்டைப் பையில் போன் அதிர ஆரம்பித்தது.

"எடுங்க சார், வீட்டுலேருந்து இருக்கும்."

"அப்புறம் பாத்துக்கலாம். இந்த முள்ளை எத்தனை மாசமா எழுதிட்டு வர்றீங்க?"

ஐந்தரைக்கு வெளியே வந்து கை கழுவிவிட்டுத்தான் பார்த்தேன். தெரியாத எண். 11.20. அதற்குக் கீழே ஒரு செய்தி. "அண்ணா, நான் உள் தணிக்கைப் படிப்பு மாணவி. முன்னாள் மாணவர்கள் வேலையில் இருக்கிறார்களா என்று ஒரு கணக்கெடுப்பு. நீங்கள் எடுக்கவில்லை."

வணக்கம் போடவில்லை.

ஆறு மணிக்கு நானே கூப்பிட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டாள்.